‘சீட் பெல்ட்’ பொய் முதல் நாமக்கல் பாறை வரை... நிலவில் கல் பொறுக்கக் கற்றுக்கொண்ட விமானிகள்!

1971, ஜூலை 31. நிலவில் முதல்முறையாக ஒரு கார் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் அப்போலோ 15 கமாண்டர் டேவிட் ஸ்காட். பக்கத்து இருக்கையில் ஜேம்ஸ் இர்வின். அன்றைய வேலைகளை முடித்துக்கொண்டு தங்கள் விண்கலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஏற்கெனவே நேரமாகிவிட்டதால், வழியில் நிற்காமல் நேராக வந்துசேரும்படி ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறை சொல்லியிருந்தது.

அப்போது ஸ்காட்டின் கண்ணில் ஒரு கல் பட்டது. கறுப்பு நிறம். உடம்பெல்லாம் ஓட்டை ஓட்டையாக, சுற்றியிருந்த சாம்பல் நிறத் தூசியில் தனியாகக் கிடந்தது. நிறுத்தலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். அது அவருக்கு நன்றாகவே தெரியும். எனவே கேட்கவில்லை. சீட் பெல்ட்டைச் சரிசெய்ய வேண்டும் என்று ரேடியோவில் சொல்லிவிட்டு வண்டியை நிறுத்தி இறங்கினார்.

இர்வினுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஹூஸ்டனில் இருப்பவர்களுக்குச் சந்தேகம் வராதபடி, சுற்றிலும் தெரிந்த பள்ளங்களை அவர் பாட்டுக்கு வர்ணிக்க ஆரம்பித்தார். அந்த இடைவெளியில் ஸ்காட் கல்லைப் படம் எடுத்து, கையோடு தூக்கிக்கொண்டு வந்து மறுபடியும் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான அந்தக் கல்லுக்கு ‘சீட் பெல்ட் பசால்ட்’ என்ற பெயரே இன்றுவரை நிலைத்துவிட்டது.

ஸ்காட் அமெரிக்க விமானப்படையில் போர் விமானம் ஓட்டியவர். விதிகளை மதிக்கப் பழகியவர். அப்படிப்பட்டவரை ஒரு கல்லுக்காகப் பொய் சொல்ல வைத்தது எது? பதில் நிலவில் இல்லை. கலிஃபோர்னியா பாலைவனத்திலும் அரிசோனா எரிமலைச் சாம்பலிலும் இருக்கிறது.

கல் பாடம் கசந்த காலம்

1960-களில் நாசா தேர்ந்தெடுத்த விண்வெளி வீரர்களில் பெரும்பாலானோர் சோதனை விமானிகள். அவர்களுக்கு ராக்கெட் பிடிக்கும், வேகம் பிடிக்கும். பாறை? அது யாருக்கு வேண்டும்! ஆனால், நிலவுக்குப் போகிறவர்கள் வெறும் கொடி நட்டுவிட்டு வந்தால் போதாது என்று ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் யூஜின் ஷூமேக்கர். அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தில், வேற்றுக் கோள்களின் பாறைகளை ஆராய்வதற்கென்றே ஒரு தனிப் பிரிவை உருவாக்கியவர்.

அரிசோனாவில் 1.2 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு ராட்சதக் குழி இருக்கிறது. சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்பு விண்கல் விழுந்ததால் உருவான குழி அது என்பதை அசைக்க முடியாத ஆதாரத்தோடு நிறுவியவர்களில் ஷூமேக்கரும் ஒருவர். நிலவுக்குப் போகும் முதல் நிலவியலாளர் தானாக இருக்க வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் கனவு. அட்ரீனல் சுரப்பியைப் பாதிக்கும் ‘அடிசன்’ நோய் இருப்பது 1963-ல் தெரியவந்தபோது அந்தக் கனவு கலைந்தது. தான் போக முடியாது என்று ஆனபின், போகிறவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் இறங்கினார்.

1964 மார்ச்சில் விண்வெளி வீரர்களை கிராண்ட் கேன்யனுக்கு அழைத்துச் சென்றார்கள். அப்போலோவுக்கான முதல் களப்பயிற்சி அதுதான். நடந்து இறங்க இறங்க, பாறை அடுக்குகள் வழியாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பின்னோக்கிப் போகும் இடம் அது. அங்கே சிலருக்கு ஆர்வம் வந்தது. ஆனால் வகுப்பறைக்குத் திரும்பியதும் மறுபடியும் கனிமங்களின் பெயர்ப் பட்டியல், மனப்பாடம், கொட்டாவி. தேர்வுக்குப் படிக்கும் பையன்களின் கதைதான்.

வாத்தியார் மாறினார், வகுப்பும் மாறியது!

இந்தக் கதையைத் திருப்பிப் போட்டவர் ஹாரிசன் ஷ்மிட். ஹார்வர்டில் நிலவியலில் முனைவர் பட்டம் பெற்று, 1965-ல் விண்வெளி வீரராகத் தேர்வானவர். கோளாறு மாணவர்களிடம் இல்லை, பாடம் நடத்தும் முறையில் இருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது. கால்டெக் பல்கலைக்கழகத்தில் தனக்கு ஆசிரியராக இருந்த லீ சில்வரிடம் போய் உதவி கேட்டார்.

1969 செப்டம்பரில், ஜிம் லவ்வல், ஃப்ரெட் ஹைஸ், ஜான் யங், சார்லி டியூக் ஆகிய நான்கு பேரை கலிஃபோர்னியாவின் ஓரோகோபியா மலைப்பகுதிக்குக் கூட்டிப்போனார் சில்வர். பகலில் வெயிலில் நடை, இரவில் முகாம், சாப்பாடு. எந்தக் கல்லுக்கும் அவர் உடனே பெயர் சொல்லித் தரவில்லை. முதலில் பார்க்கச் சொன்னார். என்ன நிறம், எவ்வளவு பெரிய மணிகள், ஓரம் கூர்மையா மழுங்கலா, பக்கத்தில் இருப்பதிலிருந்து எப்படி வேறுபடுகிறது... இதையெல்லாம் வாயால் சொல்லச் சொன்னார். பெயர் கடைசியில்தான்.

அடுத்தது ஸ்காட்டும் இர்வினும். அவர்களுக்கு ஏறக்குறைய மாதம் ஒரு பயணம். ஒவ்வொரு பயணத்திலும் ஒத்திகை நடக்கும். ஸ்காட்டும் இர்வினும் முதுகில் பை, கையில் கேமராவோடு நடப்பார்கள். மலைக்கு அந்தப் பக்கம், அவர்கள் நடக்கும் இடமே கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், கட்டுப்பாட்டு அறையின் சார்பில் பேசும் ஜோ ஆலன் ரேடியோவோடு இருப்பார். கூடவே நிலவியலாளர்கள். காதில் விழும் வர்ணனையை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இடம் எப்படியிருக்கும் என்று இவர்கள் ஊகிக்க வேண்டும். பிறகு எல்லோரும் சேர்ந்து அதே பாதையில் மறுபடியும் நடந்து, சொன்னது சரியா, எதை விட்டுவிட்டார்கள், எதைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று பேசுவார்கள்.

இன்னொரு பழக்கத்தையும் சில்வர் ஊட்டினார். ஓர் இடத்திலிருந்து நாலைந்து கற்கள்தான் எடுத்துப்போக முடியும் என்றால் எவற்றை எடுப்பாய்? அழகான கல்லையா, பெரிய கல்லையா? இரண்டும் இல்லை. அந்த இடத்தின் கதையை ஒன்றுசேர்ந்து சொல்லக்கூடிய கற்களை எடுக்க வேண்டும். எங்கும் கிடக்கும் சாதாரணக் கல் ஒன்று வேண்டும். கூட்டத்தில் ஒட்டாமல் தனித்துக் கிடக்கும் கல்லும் வேண்டும். வண்டியில் போகும்போது ஸ்காட்டின் கண் அந்த ஓட்டைக் கல்லில் போய் நின்றதற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான். எரிமலைக் குழம்பில் இருந்த வாயு, குமிழ்களாக வெளியேறிய தடம் அந்த ஓட்டைகள்.

வெடிவைத்து உருவாக்கிய நிலவு

பாறையைப் படித்தாயிற்று. நிலவின் தரையை எங்கே பார்ப்பது? அதையும் செய்தே விட்டார்கள். அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகருக்கு அருகே, பழைய எரிமலை ஒன்று கக்கிய கரி நிறச் சாம்பல் கற்கள் பரவிக் கிடக்கும் சமவெளி இருக்கிறது. பெயர் சிண்டர் லேக். நிலவைச் சுற்றிவந்த விண்கலம் எடுத்த புகைப்படத்தில், அமைதிக்கடல் பகுதியின் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் எங்கெங்கே பள்ளங்கள் இருக்கின்றனவோ, அதே இடங்களில், அதே அளவுகளில் பூமிக்குள் வெடிமருந்தைப் புதைத்தார்கள். 1967 ஜூலையில் வெடித்தபோது 47 பள்ளங்கள் கொண்ட ‘நிலவு’ தயார்!

வெடிகள் ஒரே நேரத்தில் வைக்கப்படவில்லை. கட்டம் கட்டமாக வைத்தார்கள். முதலில் உருவான பள்ளத்தின் மீது, அடுத்து வெடித்த பள்ளத்தின் மண் போய் விழுந்தது. எது பழையது, எது புதியது என்று மண் படிந்திருக்கும் விதத்தை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். நிலவில் எது முதலில் நடந்தது என்று அறிவதற்கும் இதுவே வழி.

நியூ மெக்சிகோவின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கும் பயிற்சிக் களமானது. அப்போலோ 15 இறங்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஹேட்லி ரில் என்ற நீளமான பிளவு இருந்தது. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் அகலம் கொண்ட அதன் விளிம்பில் நின்று எதிர்ச்சுவரின் அடுக்குகளைப் பார்ப்பது எப்படி என்பதை, பூமியில் அதைப் போன்ற ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று பழகினார்கள். ரோவரை ஓட்டிப் பழகவும் ‘குரோவர்’ என்ற பெயரில் பூமிக்கான ஒரு வண்டியை ஃபிளாக்ஸ்டாஃபில் கட்டிக்கொடுத்தார்கள்.

கூப்பிடு தூரத்தில் தவறிய பள்ளம்

களப்பணியில் பார்வை பாதி என்றால் திட்டம் மீதி. ‘கல்லைக் கண்டா நாயைக் காணோம், நாயைக் கண்டா கல்லைக் காணோம்’ என்பார்களே, நிலவில் அந்தக் கதைதான் நடந்தது. நல்ல கல் கிடைக்கும்போது நேரம் இருக்காது. நேரம் இருக்கும்போது நல்ல கல் கிடைக்காது.

1971 பிப்ரவரி 6. அப்போலோ 14-ல் சென்ற ஆலன் ஷெப்பர்டும் எட்கர் மிட்செலும், ‘கோன்’ என்ற பெரிய பள்ளத்தின் விளிம்புக்குப் போக வேண்டும். விண்கல் தோண்டி வெளியே வீசிய ஆழத்துப் பாறைகள் அங்கேதான் கிடக்கும். அவர்களிடம் கார் இல்லை. கருவிகள் வைத்த கைவண்டியை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். ஒரு மேட்டைத் தாண்டினால் விளிம்பு வரும் என்று நினைத்தால் இன்னொரு மேடு வந்தது. நிலவில் மரமில்லை, வீடில்லை, காற்றின் மங்கலும் இல்லை. பத்தடியில் இருக்கும் பாறையும் நூறடியில் இருக்கும் பாறையும் ஒரே மாதிரி தெளிவாகத் தெரியும். கையில் வரைபடம் இருந்தும், தாங்கள் நிற்கும் இடம் எதுவென்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இதயத்துடிப்பு எகிறியது, நேரம் கரைந்தது. திரும்பச் சொல்லிவிட்டார்கள்.

பல ஆண்டுகள் கழித்து நிலவைச் சுற்றிவந்த எல்.ஆர்.ஓ. விண்கலம் எடுத்த படங்களில் அவர்களின் காலடித் தடங்கள் தெரிந்தன. விளிம்புக்கு வெறும் 30 மீட்டர் தொலைவில் அவர்கள் திரும்பியிருந்தார்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்!

இதனால்தான் அப்போலோ 15-ன் திட்டம் நிமிடக் கணக்கில் போடப்பட்டது. அதில் மீறவே கூடாத ஒரு கணக்கு உண்டு. ரோவர் எந்த இடத்தில் நின்றுபோனாலும், முதுகில் மீதமிருக்கும் ஆக்சிஜனை வைத்து நடந்தே விண்கலத்துக்குத் திரும்பிவிட முடிய வேண்டும். நேரம் போகப் போக ஆக்சிஜன் குறையும். எனவே தூரமான இடத்துக்கு முதலில் போய்விட்டு, பக்கத்தில் இருக்கும் இடங்களைத் திரும்பும் வழியில் பார்ப்பதுதான் பொதுவான முறை.

ஒரு கல்லை எடுப்பதற்கும் வரிசை இருந்தது. முதலில் பக்கத்தில் ஒரு சிறிய முக்காலியை வைப்பார்கள். அதன் நடுவில் எப்போதும் செங்குத்தாகவே நிற்கும் ஒரு கம்பி. கம்பியின் நிழல் சூரியன் இருக்கும் திசையைச் சொல்லும். அதன் நீளம், படத்தில் இருக்கும் கல்லின் அளவைச் சொல்லும். அதில் பூசிய வண்ணங்கள் நிலவின் உண்மையான நிறத்தைச் சொல்லும். கல் கிடந்தபடியே படம், எடுத்தபின் அந்த இடத்தைப் படம், பிறகு எண் போட்ட பை. இவ்வளவும் எதற்கு? எங்கே, எப்படிக் கிடந்தது என்று தெரியாத கல், முகவரி கிழிந்த கடிதம் மாதிரி. உள்ளே என்ன எழுதியிருந்தாலும் யாருடையது என்று சொல்ல முடியாது.

இதையெல்லாம் காற்று நிரம்பி விறைத்த கையுறையோடு செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை விரலை மடக்குவதும் ரப்பர் பந்தை அமுக்குவது போல. நிலவில் மூன்று நாள்கள் வேலை செய்ததில் ஸ்காட்டின் நகங்களுக்கு அடியில் ரத்தம் கட்டி, விரல் நுனிகள் கறுத்துவிட்டன.

பாலாடை மாதிரி ஒரு பாறை

நிலவில் இறங்கியதும் ஸ்காட் செய்த முதல் காரியமே வித்தியாசமானது. வெளியே குதிக்கவில்லை. விண்கலத்தின் மேல் கதவைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, அரை மணி நேரம் சுற்றிலும் பார்த்துப் படமெடுத்து வர்ணித்தார். புது ஊருக்குப் போனால் முதலில் உயரமான இடத்தில் ஏறிப் பார் என்பது நிலவியலாளர்களின் பழக்கம்.

ஆகஸ்ட் 1. இரண்டாவது நாள் பயணம். அப்பென்னைன் மலையடிவாரத்தில், ‘ஸ்பர்’ என்ற பள்ளத்தின் ஓரம். தூசி படிந்த மண் கட்டி ஒன்றின் மேல், யாரோ எடுத்து வைத்தது போல ஒரு வெள்ளைக் கல் உட்கார்ந்திருந்தது. எடுத்துத் திருப்பியபோது படிகங்கள் பளிச்சிட்டன. ஸ்காட்டுக்கும் இர்வினுக்கும் அது என்ன என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. தேடி வந்தது கிடைத்துவிட்டது என்று உற்சாகத்தோடு ஹூஸ்டனுக்குச் சொன்னார் ஸ்காட். கிட்டத்தட்ட முழுவதும் பிளேஜியோகிளேஸ் என்ற வெளிர் நிறக் கனிமத்தால் ஆன ‘அனார்த்தோசைட்’ பாறை அது. எடை 269 கிராம். பத்திரிகைகள் அதற்கு ‘ஜெனிசிஸ் ராக்’, அதாவது ஆதிப் பாறை என்று பெயர் சூட்டின. வயது 400 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

ஏன் இந்தக் கல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? அதற்கு இரண்டு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். அப்போலோ 11-ல் நீல் ஆம்ஸ்ட்ராங் கல் பெட்டியை மூடுவதற்கு முன்பு, உள்ளே இடம் காலியாக இருப்பதைப் பார்த்து மண்ணையும் அள்ளிப் போட்டு நிரப்பினார். அந்த மண்ணில் பொடிப்பொடியாக வெள்ளைத் துணுக்குகள் கிடந்தன. ஜான் வுட் என்ற விஞ்ஞானி அவற்றைப் பார்த்துவிட்டு ஒரு துணிச்சலான யோசனையை முன்வைத்தார். பிறந்த புதிதில் நிலவு முழுக்கப் பாறைக் குழம்பால் மூடப்பட்டிருந்தது. அது ஆறும்போது, காய்ச்சிய பாலில் ஆடை மிதப்பது போல, எடை குறைந்த வெள்ளைப் படிகங்கள் மேலே மிதந்து நிலவின் முதல் தோலாக உறைந்தன என்றார். அந்த ஆடையின் ஒரு முழுத் துண்டைத்தான் ஸ்காட்டும் இர்வினும் கண்டெடுத்தார்கள். கலிஃபோர்னியாவின் சான் கேப்ரியல் மலையில் இதே வகைப் பாறையை சில்வர் அவர்களுக்குக் காட்டியிருந்தார். அதைப் பார்க்காத கண்ணுக்கு அது தூசி படிந்த இன்னொரு கல்லாகவே தெரிந்திருக்கும்.

நாமக்கல்லில் கிடைத்த நிலவு மண்

அனார்த்தோசைட் நமக்கும் தூரத்துச் சொந்தமில்லை. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்களில் இந்தப் பாறை இருக்கிறது. சந்திரயான்-2 திட்டத்துக்காக லேண்டரையும் ரோவரையும் சோதிக்க, நிலவின் மேட்டுநிலத்தில் இருப்பது போன்ற மண் இஸ்ரோவுக்கு டன் கணக்கில் தேவைப்பட்டது. வெளிநாட்டில் வாங்கினால் செலவு அதிகம். நம் ஊர்ப் பாறையை உடைத்து, அரைத்து, நிலவு மண்ணின் துகள் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகம், திருச்சி என்.ஐ.டி., பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் ஆகியவற்றின் நிபுணர்கள் இதில் உதவினார்கள். இந்த மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020-ல் இஸ்ரோ காப்புரிமையும் பெற்றது.

அரிசோனாவில் வெடிவைத்துப் பள்ளம் தோண்டியவர்களும், நாமக்கல் பாறையை அரைத்தவர்களும் செய்தது ஒரே வேலைதான். போவதற்கு முன்பே அந்தத் தரையை இங்கே கொண்டுவருவது.

2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்தை நோக்கிய பகுதியில் இறங்கியது. பிரக்யான் ரோவர் 23 இடங்களில் மண்ணை ஆராய்ந்தது. அங்கே இருப்பதும் அனார்த்தோசைட் வகை மண்தான் என்று 2024-ல் வெளியான ஆய்வு சொன்னது. நிலவு ஒரு காலத்தில் குழம்புக் கடலாக இருந்தது என்ற கருத்துக்கு, இதுவரை யாரும் தொடாத தூரத்திலிருந்து இந்தியா கொண்டுவந்த சாட்சி அது. பிரக்யான் நகர்ந்த மொத்த தூரம் சுமார் 100 மீட்டர். ஸ்காட்டும் இர்வினும் ரோவரில் மூன்று நாள்களில் கடந்தது சுமார் 28 கிலோமீட்டர். மனிதர்களை மறுபடியும் அனுப்ப இத்தனை பிரயத்தனம் ஏன் என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில்.

நினைத்தது ஒன்று, கிடைத்தது ஒன்று

இவ்வளவு தயாரித்துப் போனாலும் நிலவு சில நேரம் கையை விரித்துவிடும். 1972 ஏப்ரல். அப்போலோ 16-ல் ஜான் யங்கும் சார்லி டியூக்கும் டெகார்ட் மேட்டுநிலத்தில் இறங்கினார்கள். அது பழைய எரிமலைகள் உருவாக்கிய பகுதி என்று பூமியில் இருந்த நிபுணர்கள் பலரும் நம்பினார்கள். பயிற்சியும் அதற்கேற்பவே நடந்தது.

அங்கே போய்ப் பார்த்தால் எரிமலைப் பாறையைக் காணோம். எங்கு பார்த்தாலும் ‘பிரெக்சியா’. அதாவது, விண்கல் மோதியதில் உடைந்த பழைய பாறைத் துண்டுகள், சிமென்ட் கலவை மாதிரி மறுபடியும் ஒட்டிக்கொண்ட பாறை. இருவரும் எதிர்பார்த்ததைப் பார்த்ததாகச் சொல்லிச் சமாளிக்கவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். முதலில் பார், பெயர் பிறகு என்று சில்வர் சொல்லிக்கொடுத்த பாடம் அங்கே கைகொடுத்தது. நிபுணர்கள் தங்கள் வரைபடத்தைத் திருத்திக்கொண்டார்கள். நிலவின் மேட்டுநிலங்களைச் செதுக்கியதில் விண்கல் மோதலுக்கு எவ்வளவு பெரிய பங்கு என்பது தெளிவானது.

அந்தப் பயணத்தில் எடுத்த 11.7 கிலோ எடையுள்ள பிரெக்சியாதான், அப்போலோ கொண்டுவந்தவற்றிலேயே மிகப் பெரிய ஒற்றைக் கல். களநிலவியல் குழுவின் தலைவர் பில் மில்பர்கரின் நினைவாக அதற்கு ‘பிக் மியூலி’ என்று செல்லப்பெயர்.

ஆரஞ்சு நிற அதிர்ச்சி

அதே ஆண்டு டிசம்பரில், கடைசிப் பயணமான அப்போலோ 17-ல்தான் ஒரு நிலவியலாளர் நிலவில் கால்வைத்தார். சில்வரை அழைத்துவந்த அதே ஹாரிசன் ஷ்மிட். இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு கதை உண்டு. ஸ்காட்டும் இர்வினும் தரையில் இருந்தபோது, மேலே தனியாகச் சுற்றிவந்த ஆல்ஃபிரட் வோர்டன், டாரஸ்-லிட்ரோ பகுதியில் கறுப்பு நிறப் பள்ளங்களைக் கவனித்துச் சொன்னார். உயரத்திலிருந்து பார்க்க அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் எகிப்தில் பிறந்த நிலவியலாளர் ஃபாரூக் எல்-பாஸ். அவை சமீப காலத்து எரிமலை வாய்களாக இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பில்தான் அந்த இடம் தேர்வானது.

அங்கே ‘ஷார்ட்டி’ என்ற பள்ளத்தின் விளிம்பில் ஷ்மிட்டின் கால் பட்டு மேல்மண் விலகியபோது, அடியில் ஆரஞ்சு நிறம். சாம்பல் உலகத்தில் ஆரஞ்சு! கையில் இருந்தது சொற்ப நேரம். அதற்குள் ஒரு சிறு வாய்க்கால் போலத் தோண்டி, படம் எடுத்து, மண்ணை அள்ளி, ஆழம் வரை குழாயையும் செருகி எடுத்தார்கள் ஷ்மிட்டும் யூஜின் செர்னனும். ஷார்ட்டி எரிமலை வாய் இல்லை. சாதாரண விண்கல் பள்ளம்தான். ஆனால் அந்த மோதல், அடியில் புதைந்துகிடந்த பழைய புதையலை மேலே கொண்டுவந்திருந்தது. 350 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, எரிமலை நீரூற்று போலப் பீறிட்டபோது தெறித்து உறைந்த கண்ணாடி மணிகள் அவை.

2008-ல் ஆல்பர்ட்டோ சால் தலைமையிலான குழு, அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த இத்தகைய கண்ணாடி மணிகளை நவீனக் கருவிகளால் மறுபடியும் ஆராய்ந்தது. உள்ளே தண்ணீரின் சுவடு! நிலவு எலும்பு மாதிரி காய்ந்த கட்டாந்தரை என்ற பழைய நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. அள்ளி எடுத்து 36 ஆண்டுகள் கழித்து அந்த மண் வாய் திறந்தது.

இனி போகிறவர்களுக்கு நிழல்தான் சவால்

இப்போது நாசாவின் ஆர்டெமிஸ் திட்டத்துக்காக மறுபடியும் அதே ஃபிளாக்ஸ்டாஃப், அதே எரிமலைக் களம். 2024 மே மாதம் கேட் ரூபின்ஸ், ஆண்ட்ரே டக்ளஸ் ஆகிய இரு விண்வெளி வீரர்கள் மாதிரி விண்வெளி உடையோடு அங்கே நான்கு ‘நிலவு நடை’களை ஒத்திகை பார்த்தார்கள். ஹூஸ்டனில் விஞ்ஞானிகள் குழு உட்கார்ந்து வழிநடத்தியது. அதே ஆண்டு ஆர்டெமிஸ்-2 குழுவினர் ஐஸ்லாந்தின் எரிமலை நிலத்தில் பயிற்சி எடுத்தார்கள். 1960-களில் அப்போலோ வீரர்கள் நடந்த அதே தேசம்.

ஆனால் இந்த முறை கணக்கு வேறு. குறி வைத்திருப்பது தென்துருவப் பகுதி. அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டியே சுற்றிவரும். சின்னக் கல்லுக்கும் பனைமர உயரத்துக்கு நிழல் விழும். கண்கூசும் வெளிச்சத்திலிருந்து ஓரடி எடுத்து வைத்தால் கும்மிருட்டு. சில பள்ளங்களின் அடியில் சூரிய வெளிச்சம் பட்டதே இல்லை. வெப்பநிலை மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே. பனிக்கட்டி உறைந்திருப்பதும் அப்படிப்பட்ட இடங்களில்தான். எனவேதான் அரிசோனா ஒத்திகையை இரவிலும் நடத்தினார்கள். நிறத்தைப் பார்த்துக் கல்லை அடையாளம் காணப் பழகிய கண், இனி டார்ச் வெளிச்சத்திலும் அதைச் செய்தாக வேண்டும்.

ஆறு அப்போலோ பயணங்களும் சேர்ந்து 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தன. அதில் ஒரு பகுதியை நாசா வேண்டுமென்றே தொடாமல் வைத்திருந்தது. நாளைக்கு நல்ல கருவிகள் வரும், நம்மைவிட நன்றாகக் கேள்வி கேட்பவர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கை. 1972-ல் செர்னனும் ஷ்மிட்டும் நிலவிலேயே காற்றுப் புகாமல் மூடிய ஒரு குழாயை 2022-ல்தான் திறந்தார்கள். ஆராய்ந்த குழுவில் சிலர், அந்தக் குழாய் மூடப்பட்டபோது பிறந்திருக்கவே இல்லை.

போக முடியாமல் போன ஷூமேக்கர் என்ன ஆனார்? 1997-ல், ஆஸ்திரேலியாவில் விண்கல் பள்ளங்களைத் தேடிப் பயணித்தபோது கார் விபத்தில் இறந்துபோனார். அவருடைய அஸ்தியில் கொஞ்சத்தை ஒரு சிறிய குப்பியில் அடைத்து, 1998-ல் கிளம்பிய லூனார் பிராஸ்பெக்டர் விண்கலத்தில் வைத்து அனுப்பினார்கள். 1999 ஜூலை 31 அன்று, வேலை முடிந்த அந்த விண்கலத்தை நிலவில் மோதவிட்டார்கள். விழுந்த இடம், சூரியனே எட்டிப் பார்க்காத ஒரு தென்துருவப் பள்ளம். இன்று அதன் பெயர் ஷூமேக்கர்.